மாஸ்டருக்குச் சிலை வைப்பது எப்படி, இறக்குவது எப்படி

நம் புதுச்சேரியில் பூரணாங்குப்பத்திலிருந்து தவளக்குப்பம் நாலுமுனை வரை ஒரு நடை நடந்தால் போதும். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி என்று ஃப்ளெக்ஸில் கும்பிட்டபடி நிற்காத ஆளே கிடையாது. பேனர் தடைச் சட்டமும் அமலில் இருக்கிறது, பேனரும் அமலில் இருக்கிறது. இந்த வரிசையில் விட்டுப்போனவர்கள் விளையாட்டு கோச்சுகள்தான். விசில் ஊதி ஊதிக் கன்னம் உப்பிப்போன அந்த மனிதர்களுக்கு நாமும் ஏதாவது செய்ய வேண்டாமா என்று வாலிபர் சங்கத்தில் யாராவது எழுந்து கேட்பார்கள். அந்த நாளுக்காகவே இந்தக் கையேடு.

எந்த மாஸ்டரையும் மனசில் வைத்து எழுதவில்லை. நல்ல மாஸ்டருக்கு இது தேவைப்படாது. சிலை வைக்கிறவர்களுக்குத்தான் தேவைப்படும்.

முன்மாதிரியாக அமெரிக்காவை எடுத்துக்கொண்டேன். தலைவர்களுக்குக் கோயில் கட்டுவதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, அங்கே பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு கல்லூரிக் கோச்சுக்கு ஆளுயரத்தைத் தாண்டி ஏழடி வெண்கலச் சிலை வைத்து, அதை ஒரே காலையில் துணி போட்டு மறைத்துக் கழற்றியும் காட்டிவிட்டார்கள். ஏற்றம், இறக்கம் இரண்டுக்கும் ஒரே இடத்தில் செய்முறை கிடைப்பது அபூர்வம்.

முதல் வேலை ஆளைத் தேடுவது. ஜெயிக்கிற கோச் மட்டும் போதாது. ஜெயிக்கிறவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். அவர் மேல் நாலு பேருக்குப் பொறாமையும் இரண்டு பேருக்குச் சந்தேகமும் இருக்கும். உங்களுக்கு வேண்டியது ஜெயிக்கிற நல்லவர். ஜோ பட்டர்னோ அப்படிப்பட்டவர். 1950-ல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு உதவிக் கோச்சாக வந்தார். 1966-ல் தலைமைக் கோச் ஆனார். 2011 வரை அந்த நாற்காலியை விட்டு நகரவில்லை. அமெரிக்கக் கால்பந்தில், அதாவது பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு முட்டி மோதுகிற அந்த ஆட்டத்தில், அவர் கணக்கு 409 வெற்றி. அந்த மட்டத்தில் அத்தனை வெற்றி வேறு எந்தக் கோச்சுக்கும் இல்லை.

அதோடு நின்றிருந்தால் ஒரு கோப்பையோடு அனுப்பியிருப்பார்கள். ஆனால் மனிதர் ஆங்கில இலக்கியம் படித்தவர்; லத்தீன் கவி விர்ஜிலைக் கொண்டாடியவர். ஆட்டத்தில் புலியாக இருந்தால் மட்டும் பத்தாது, வகுப்பிலும் பாஸாக வேண்டும் என்று பையன்களைப் பிடித்து உட்கார வைத்தார். மற்றக் கல்லூரிகள் ஆட்டக்காரனுக்குப் பரீட்சையே ஒரு சம்பிரதாயம் என்று வைத்திருந்த காலத்தில் இது பெரிய காரியம். அவரும் மனைவியும் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தது 40 லட்சம் டாலருக்கு மேல். அதில் ஒரு பங்கு நூலகத்துக்குப் போனது. கோச் காசு கொடுத்து நூலகம் எழும்பிய கதையை நம் பக்கத்தில் யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நான் கேள்விப்பட்டதில்லை.

இதில் ஒன்றும் பொய்யில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் நல்லவராக நடிக்கவில்லை, நல்லவராகத்தான் இருந்தார். போலிச் சாமியாருக்குச் சிலை வைத்தால் பத்து வருஷத்தில் குட்டு வெளிப்பட்டு வேலை சுலபமாக முடிந்துவிடும். நிஜமான நல்லவருக்கு வைத்தால்தான் ஊரே சேர்ந்து கண்ணை மூடிக்கொள்ள வசதி.

அடுத்தது பெயர் வைப்பது. ஒரு இடத்தில் வைத்து நிறுத்தாதீர்கள். பென் ஸ்டேட்டில் நூலகத்தில் அவர் பெயர். டிக்கெட்டுக்காக மாணவர்கள் மைதான வாசலில் கூடாரம் போட்டுக் காத்துக்கிடக்கிற இடத்துக்கு ‘பட்டர்னோவில்’. பல்கலைக்கழகப் பால்பண்ணை விற்கிற பீச் பழ ஐஸ்கிரீமுக்கு ‘பீச்சி பட்டர்னோ’. எங்கோ ஓரிகன் மாநிலத்தில் நைக் கம்பெனி தன் ஊழியர்களின் குழந்தைகளுக்கு நடத்திய காப்பகத்துக்குக்கூட அவர் பெயர்தான். 2001-ல் மைதானத்துக்கு வெளியே சிலை வந்தது. ஒரு விரலை வானத்துக்குத் தூக்கியபடி ஓடிவருகிறார், பின்னால் அவருடைய ஆட்டக்காரர்கள். பக்கத்துச் சுவரில் கல்வியாளர், பயிற்சியாளர், மனிதநேயர் என்று மூன்று பட்டம். மூன்றாவது பட்டத்தைச் சங்கத்துத் தம்பிகள் கவனிக்க வேண்டும். முதல் இரண்டுக்கும் ரிசல்ட் பார்த்துச் சான்று கொடுக்கலாம். மூன்றாவதற்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. ஃப்ளெக்ஸ் கடையில் ‘மக்கள் சேவகர்’ சும்மாவே வருகிற மாதிரி.

இப்போது கொஞ்சம் சிரமமான பகுதிக்கு வருகிறோம். புகார் வந்தால் என்ன செய்வது?

பட்டர்னோ மேல் யாரும் புகார் சொல்லவில்லை. புகார் அவருடைய பழைய உதவிக் கோச் ஜெர்ரி சாண்டஸ்கி மேல். தற்காப்பு ஆட்ட வியூகத்தில் கெட்டிக்காரர். ஆதரவற்ற பையன்களுக்காக 1977-ல் ‘செகண்ட் மைல்’ என்று ஒரு தொண்டு நிறுவனமும் தொடங்கியவர், ஆக ஊரில் இவரும் மனிதநேயர். 1998-ல் ஒரு தாய் போலீசுக்குப் போனாள், தன் மகனைச் சாண்டஸ்கி குளியலறைக்குக் கூட்டிப்போன விதம் சரியில்லை என்று. விசாரித்தார்கள். வழக்குப் போடவில்லை. 1999-ல் அவர் ஓய்வு பெற்றார். கௌரவப் பட்டம், அலுவலக அறை, உடற்பயிற்சிக் கூடத்துச் சாவி, எல்லாவற்றோடும். சாவியை மறக்க வேண்டாம். மரியாதை என்று நாம் சொல்வதெல்லாம் கடைசியில் யார் கையில் சாவி இருக்கிறது என்பதுதான்.

2001 பிப்ரவரி, ஒரு வெள்ளிக்கிழமை இரவு. மைக் மெக்வியரி என்ற இளம் உதவியாளர் அந்தக் கூடத்துக்குள் போகிறார். குளியலறையில் சாண்டஸ்கியோடு ஒரு சிறுவன். மறுநாள் காலை நேரே பட்டர்னோ வீட்டுக்குப் போய்ச் சொல்கிறார். நம் கையேட்டின் உச்சக்கட்டம் இங்கேதான் வருகிறது. பட்டர்னோ என்ன செய்தார்? போலீசுக்குப் போன் செய்யவில்லை. ‘போடா, உளறாதே’ என்று விரட்டவுமில்லை. அதற்கு மறுநாள் விளையாட்டுத் துறை இயக்குநர் டிம் கர்லியைக் கூப்பிட்டு விஷயத்தை மேலே தள்ளினார். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்பதற்குப் பத்து வருஷம் கழித்துக் கிராண்ட் ஜூரி முன்னால் அவர் கொடுத்த விளக்கம், மேலே இருப்பவர்களின் வார விடுமுறையைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்தேன் என்பது.

இதைப் படித்தபோது எனக்குக் கோபத்துக்கு முன்னால் வந்தது பரிச்சயம். ‘திருவிழா முடியட்டும் பேசிக்கலாம்’, ‘பெரியவர் வீட்ல விசேஷம் நடக்குது, இப்ப வேணாம்’, ‘பொண்ணு பேர் கெட்டுடும், விடு’. நாம் தினமும் புழங்குகிற பாஷைதான். அமெரிக்காக்காரன் டாலரில் சொன்னான், அவ்வளவே.

அதற்குப் பிறகு நடந்ததும் நமக்குத் தெரிந்த வழிமுறைதான். இயக்குநர் கர்லி, துணைத் தலைவர் கேரி ஷுல்ட்ஸ், பல்கலைக்கழகத் தலைவர் கிரஹாம் ஸ்பேனியர் மூவரும் கலந்து பேசினார்கள். பையன்களை இங்கே கூட்டிவராதே என்று சாண்டஸ்கியிடம் சொன்னார்கள். தொண்டு நிறுவனத்திடமும் ஒரு வார்த்தை போட்டார்கள். போலீசுக்கு மட்டும் சொல்லவில்லை. அந்தச் சிறுவன் யார் என்று யாரும் தேடிப் போகவுமில்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்லி முடித்துத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போகிற அதே காட்சி. இன்னும் பத்து வருஷம் சாண்டஸ்கி மைதானத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தார், பட்டர்னோ ஜெயித்துக்கொண்டிருந்தார்.

ஆகவே புகார் வரும்போது தம்பிகள் மனப்பாடம் செய்ய வேண்டிய வாக்கியம் இது: ‘நான் மேலே சொல்லிட்டேன்.’ சொன்னவருக்குப் பாரம் இறங்கிவிடும். மேலே இருப்பவருக்கு மேலே இன்னொருவர் இருப்பார். எல்லாரும் சொல்லி முடித்த பிறகு பார்த்தால் காரியம் ஆரம்பித்த இடத்திலேயே இருக்கும். இதில் சட்டப்படி பெரிய குறையும் கண்டுபிடிக்க முடியாது. பட்டர்னோ மேல் கடைசி வரை எந்த வழக்கும் கிடையாது.

நம் ஊருக்கு இந்த முறையை மாற்றிப் பொருத்துவது கஷ்டமா என்று கேட்டால், அமெரிக்காவைவிட இங்கேதான் சுலபம். அங்கே கோச் பிடிக்கவில்லை என்றால் பையன் வேறு கல்லூரிக்குப் போகலாம். இங்கே பெண் ஓட்டப்பந்தயத்தில் ஓடுகிறாள் என்றால் வீட்டில் ஒரு கணக்கு இருக்கும். மாவட்டத்தில் ஓடினால் மாநிலம், மாநிலத்தில் ஓடினால் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால் கல்லூரிச் சேர்க்கைக்கான சென்டாக் கவுன்சலிங்கில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு சீட்டு, அதிர்ஷ்டமிருந்தால் போலீசிலோ ரயில்வேயிலோ ஒரு வேலை. இந்த ஏணியின் முதல் படியில் நிற்பவர் கோச். டீமில் யார், பஸ்ஸில் யார், கேம்ப்பில் யார் என்பதெல்லாம் அவர் வாயில். தென்னந்தோப்புக்குப் பக்கத்துக் குடிசையிலிருந்து விடியற்காலை சைக்கிளில் மைதானத்துக்கு வருகிற பெண்ணின் அப்பா, கோச்சைப் பார்த்தால் லுங்கியை இறக்கிவிட்டுக் கும்பிடுவார். அந்தக் கும்பிடு கோச்சுக்கு மட்டும் போட்டதல்ல, வரப்போகிற வேலைக்கும் சேர்த்துத்தான். அந்த வேலையின் மேல் மகள் எப்படிப் புகார் சொல்வாள்?

2021 மே மாதம் சென்னையில் தடகளக் கோச் நாகராஜன், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் கைதானது நினைவிருக்கும். தேசிய அளவில் ஓடியவர்களை உருவாக்கியவர் என்று பெயர் எடுத்தவர். பயிற்சி பெற்ற ஒரு பெண் கொடுத்த புகாரில் வழக்கு. பிறகு வேறு பல பெண்களும் முன்வந்தார்கள். சில புகார்கள் வருஷக்கணக்காகப் பழையவை. செய்தி வந்த அன்றைக்கு டீக்கடையில் கேட்ட கேள்வி எல்லா ஊரிலும் ஒன்றுதான்: ‘அப்பவே ஏன் சொல்லல?’ இந்தக் கேள்வியைக் கையேட்டில் சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருக்கிறேன். கேட்பவர் தன்னை நீதிபதி என்று நினைத்துக்கொள்ளலாம். அப்பவே சொல்லியிருந்தால் யார் காதில் வாங்கியிருப்பார்கள் என்று யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

நம் நாட்டில் சிறந்த கோச்சுக்கு மத்திய அரசு 1985 முதல் கொடுக்கிற விருதுக்குத் துரோணாச்சாரியார் பெயர். சேர்க்க மறுத்த மாணவனிடம் குருதட்சணையாகக் கட்டைவிரலைக் கேட்டு வாங்கிய வாத்தியார். பெயர் வைத்தவர்கள் கதையை முழுசாகப் படித்திருப்பார்களா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. படித்திருந்தும் வைத்தார்கள் என்றால் அது இன்னும் சுவாரஸ்யம்.

சரி, மூடி வைத்தது வெடித்துவிட்டது. இனி இறக்குவது எப்படி?

பென் ஸ்டேட்டில் 2011 நவம்பர் தொடக்கத்தில், சிறுவர்களைப் பாலியல் கொடுமை செய்தார் என்ற குற்றச்சாட்டில் சாண்டஸ்கி கைதானார். 9-ஆம் தேதி இரவு பட்டர்னோ வீட்டுக்கு ஒரு சீட்டு வந்தது, இந்த எண்ணுக்குப் போன் செய்யவும் என்று. செய்தார். வேலை போய்விட்டது என்று அந்தப் பக்கத்திலிருந்து சொன்னார்கள். 61 வருஷ உத்தியோகம் ஒரு போன் காலில் முடிந்தது. அன்று இரவு ஆயிரக்கணக்கான மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். டிவி வேன் ஒன்றைக் குப்புறத் தள்ளினார்கள். அவர்கள் கோபமெல்லாம் பையன்களுக்கு நடந்தது பற்றியா என்றால், இல்லை. கோச்சை இப்படிப் போனில் அனுப்பலாமா என்பதுதான். இளைஞர் எழுச்சியை இந்த மாதிரித் திசைதிருப்பத் தனியாகப் பயிற்சி வேண்டாம். சிலை பத்து வருஷம் நின்றிருந்தால் தானாக நடக்கும்.

2012 ஜனவரி 22-ஆம் தேதி பட்டர்னோ நுரையீரல் புற்றுநோயில் இறந்தார், வயது 85. ஊர்ச் சுவர் ஒன்றில் மைக்கேல் பிலாட்டோ என்ற ஓவியர் முன்பே அவர் படத்தை வரைந்திருந்தார். இறந்ததும் தலைக்குப் பின்னால் ஒரு ஒளிவட்டம் சேர்த்தார். ஜூனில் சாண்டஸ்கிமேல் இருந்த 48 குற்றச்சாட்டில் 45 நிரூபணமானது. 10 சிறுவர்கள், 15 வருஷம். ஜூலை 12-ல் எஃப்.பி.ஐ.யின் முன்னாள் இயக்குநர் லூயி ஃப்ரீயின் அறிக்கை வந்தது. பட்டர்னோ உட்பட நான்கு பெரியவர்களும் சேர்ந்து மறைத்தார்கள் என்றது. அவர் குடும்பம் இதை ஏற்கவில்லை, தனியாக ஆள் வைத்துப் பதில் அறிக்கையும் போட்டது. ஓவியர் ஒளிவட்டத்தை அழித்தார். ஒளிவட்டத்தை மட்டும். ஆள் சுவரில் அப்படியே நின்றார். தெய்வத்தை மனிதனாக்க ஒரு டப்பா பெயின்ட் போதும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

சிலைக்கு வருவோம். ஜூலை 22, ஞாயிற்றுக்கிழமை, அதிகாலை. நேரத்தைக் கவனியுங்கள்: கூட்டம் சேராத நேரம். சுற்றிலும் கம்பி வேலி அடித்து, நீலத் துணியை மேலே கட்டினார்கள். அடிப்பீடத்தைத் துளைபோடும் இயந்திரம் வைத்து உடைத்தார்கள். 400 கிலோவைத் தூக்குவண்டியில் ஏற்றி மைதானத்துக்குள் கொண்டுபோனார்கள். எங்கே வைத்தார்கள் என்று வெளியே சொல்லவில்லை. நம் புதுச்சேரிக்கு இது ஒன்றும் புதிதில்லை. பிரெஞ்சு கவர்னர் டூப்ளே துரையின் சிலையே இடம் மாறித்தான் கடற்கரையில் நிற்கிறது. ஆகவே சிலை வைக்கும்போதே அடியில் போல்ட் போட்டு வையுங்கள். சிமெண்ட்டில் புதைத்தால் பிற்பாடு செலவு.

ஆனால் நூலகத்தில் பெயர் அப்படியே இருக்கிறது. சிலை பிளவை உண்டாக்குகிறது, நூலகம் அவர் மாணவர்களுக்குச் செய்ததன் அடையாளம் என்று ஸ்பேனியருக்குப் பின் வந்த பல்கலைக்கழகத் தலைவர் ராட்னி எரிக்சன் விளக்கினார். கூடாரப் பகுதியின் பெயர் மாறியது. நைக் தன் குழந்தைகள் காப்பகத்திலிருந்து பெயரை எடுத்தது. அதற்கு அதிக யோசனை தேவைப்பட்டிருக்காது. பால்பண்ணையில் சாண்டஸ்கி பெயரிலும் ஒரு ஐஸ்கிரீம் இருந்தது, அதை 2011-லேயே நிறுத்திவிட்டார்கள். பீச்சி பட்டர்னோவை நிறுத்தவில்லை. ஒரு மனிதனின் குற்றம் எத்தனை என்பதை அளக்க இதைவிடத் துல்லியமான தராசு எனக்குத் தெரிந்து இல்லை: சிலை போகிற அளவுக்குக் குற்றம், ஐஸ்கிரீம் போகிற அளவுக்கு இல்லை.

சிலை போன மறுநாள் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. 6 கோடி டாலர் அபராதம் போட்டது. அதோடு 1998 முதல் 2011 வரை ஜெயித்த ஆட்டங்களையும் கணக்கிலிருந்து நீக்கியது. பட்டர்னோ பெயரில் 111 போய், 409 என்பது 298 ஆனது. ஆடியவன் ஆடினான், அடிபட்டவன் அடிபட்டான், லட்சம் பேர் பார்த்தார்கள், ஆனால் ஜெயிக்கவில்லை. 2015 ஜனவரியில் ஒரு சமரசத்தில் அத்தனை வெற்றியையும் திருப்பிக் கொடுத்தார்கள், மறுபடி 409. இந்த இரண்டரை வருஷமும் வெற்றிக் கணக்கைப் பற்றி நடந்த வாக்குவாதத்தை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. நஷ்டஈடாகப் பல்கலைக்கழகம் 10 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது என்பது செய்தியில் கீழ்ப்பக்கத்துக்குப் போய்விட்டது. அதைத்தான் கையேடும் பரிந்துரைக்கிறது. பையன்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால், மெல்ல வெற்றிக் கணக்குக்குத் திருப்புங்கள். அல்லது ஐஸ்கிரீமுக்கு.

ஒரு இடைஞ்சலைச் சொல்லாமல் விட்டால் தம்பிகள் பிறகு என்னைத் திட்டுவீர்கள். சாண்டஸ்கிக்கு 30 முதல் 60 வருஷம் என்று தண்டனை அறிவித்த அதே 2012-ல், நவம்பர் 14-ஆம் தேதி, குழந்தைகள் தினத்தன்று, நம் நாட்டில் போக்சோ அமலுக்கு வந்தது. அதில் 19-ஆம் பிரிவு, 21-ஆம் பிரிவு என்று இரண்டு தொல்லை. 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு இப்படி நடந்தது தெரிந்தால் யாராக இருந்தாலும் போலீசிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை உள்ளே. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே இருப்பவர் செய்ததை மறைத்தால் ஒரு வருஷம் வரை. ‘நான் மேலே சொல்லிட்டேன்’ என்ற நம் அருமையான வாக்கியம் இங்கே செல்லாது. சங்கத் தலைவரிடமோ, ஊர்ப் பெரியவரிடமோ, முதல்வரிடமோ சொன்னால் கணக்கில் வராது. போதாக்குறைக்கு, பணியிடத்தில் பெண்களைப் பாதுகாக்க 2013-ல் வந்த சட்டம் மைதானத்தையும் விளையாட்டு வளாகத்தையும் பணியிடம் என்றே சேர்த்துவிட்டது. பென் ஸ்டேட்டிலும் கடைசியில் ஸ்பேனியர் 2021-ல் கிட்டத்தட்ட இரண்டு மாதம் ஜெயிலில் இருந்துவிட்டுத்தான் வந்தார்.

இதற்கெல்லாம் பயந்து விழாவை நிறுத்த வேண்டியதில்லை. மைதான வாசலில் வைக்கிற ஃப்ளெக்ஸை மட்டும் கவனமாக அமையுங்கள். நடுவில் மாஸ்டர், கறுப்புக் கண்ணாடியோடு. மேலே இரண்டு பக்கமும் கட்சிக்கு ஒருவராகத் தலைவர்கள். கீழே வாலிபர் சங்கத்தார் முப்பது பேர், தபால் தலை அளவில். மூலையில் ஃப்ளெக்ஸ் கடைக்காரர் பெயரும் செல் நம்பரும். குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் போடலாமே என்று விவரம் தெரிந்த யாராவது ஒரு பெண் கேட்பாள். இடமில்லை என்று சொல்லிவிடுங்கள்.